ஏழு மாத வலி

காலை ஆறு மணிக்கு அஞ்சலாட்சி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் தாய் அமிர்தவல்லி, பழைய வேட்டியிலிருந்து கிழித்த நான்கு விரல் அகலத் துணியை மகளின் இடுப்பில் சுற்றி இறுக்கிக்கொண்டிருந்தாள்.

"மூச்சை இழுத்துப் புடிடி."

"வலிக்குதும்மா."

"இறுக்கினாத்தான் வலி தெரியாது. மேல கவுனைப் போட்டுக்கிட்டா உள்ள என்னா இருக்குன்னு எவளுக்குத் தெரியப்போவுது?"

அஞ்சலாட்சிக்குப் பதினான்கு வயது. பிறந்தது சைகோனில். அப்பா கிருஷ்ணசாமி அங்கே பிரெஞ்சுக்காரர்களின் சுங்க அலுவலகத்தில் வேலை பார்த்தார். ஐம்பத்தைந்தில் குடும்பம் கப்பலேறிப் புதுச்சேரிக்குத் திரும்பியபோது, அவள் அங்கே கற்ற பாலே நடனமும் கூடவே வந்தது. கடற்கரை ஓரத்தில் மரத்தளம் போட்ட ஒரு கூடத்தில் பிரெஞ்சு மதாம் ஒருத்தி அந்த நடனத்தைச் சொல்லிக்கொடுத்தாள். படித்த பதினோரு பெண்களில் தமிழ் வீட்டுப் பெண் இவள் மட்டுந்தான்.

அது அறுபத்தொன்றாம் வருடம். மதாம் கூடத்தை மூடிவிட்டுத் தன் நாட்டுக்குப் போகவிருந்தாள். போகும்போது ஒரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு போய் பாரிஸ் நடனப் பள்ளியில் சேர்ப்பதாகச் சொல்லியிருந்தாள். யார் என்பது ஜூலை பதினான்காம் தேதி பிரெஞ்சு தேசிய விழாவில் ஆடும் ஆட்டத்தைப் பார்த்து முடிவாகும்.

"இவ போனா பின்னாலயே நாமளும் போயிடலாம்" என்று கிருஷ்ணசாமி தினமும் சொன்னார். சோறு சாப்பிடும்போதுகூட அதையே சொன்னார்.

பெருவிரல் நுனியில் நின்று, ஒரு காலைப் பின்னால் உயரத் தூக்கி, முதுகை வில்லாக வளைக்க வேண்டும். மார்கழியிலிருந்து அப்படி வளையும்போதெல்லாம் இடுப்பின் அடியில் ஊசி ஏறியது. பிறகு உட்கார்ந்தாலும் வலித்தது. கடைசியில் மல்லாந்து படுக்கவே முடியவில்லை.

வீட்டில் சொன்னாள். "ஆடுற கால் வலிக்கத்தான் செய்யும்" என்றார் அப்பா. வலி காலில் இல்லை என்று அவள் திருத்தவில்லை.

ஜூன் மாதத்தில் ஒரு நாள் மதாம் அவளை ஆட்டத்தின் நடுவிலேயே நிறுத்தினாள். கவுனுக்கு மேலாகத் துணிக்கட்டைத் தடவிப் பார்த்தாள். உடனே ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தாள். அதைக் கிருஷ்ணசாமி படித்து, மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"என்னா எழுதியிருக்கா?" என்றாள் அமிர்தவல்லி.

"ஆஸ்பத்திரில எக்ஸ்ரே எடுக்கணுமாம். அதுவரைக்கும் ஆடக் கூடாதாம்."

"ஆஸ்பத்திரிக்கா? அங்க வாசல்ல நின்னாலே நாலு தெருவுக்குத் தெரிஞ்சிடும். இடுப்பு வலிக்காரின்னு பேரு வந்தா நாளைக்கு எவன் கட்டுவான்?"

"கல்யாணம் கெடக்கட்டும். விழாவுக்கு மூணு வாரந்தான் இருக்குது. இவ படுத்துக்கிட்டா அந்தாண்ட இன்னொருத்திக்கு டிக்கெட்டு."

டாக்டர் பார்த்தார், ஒன்றும் இல்லை என்றார் என்று மதாமிடம் சொல்லும்படி மகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். அஞ்சலாட்சி அதை நல்ல பிரெஞ்சில், தடுமாறாமல் சொன்னாள். பாரிஸ் அவளுக்கும் வேண்டியிருந்தது.

விழாவுக்குப் பத்து நாள் இருக்கும்போது அவளால் பாயிலிருந்து நிமிர்ந்து எழ முடியவில்லை. அமிர்தவல்லி தெருமுனைக்குப் போய், ஆளை உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு போகும் புஷ்புஷ் வண்டி ஓட்டும் காத்தவராயனை அழைத்து வந்தாள். பிறக்கும்போது தலைக்குப் பதில் கால் முதலில் வந்தவன் அவன். அப்படிப் பிறந்தவன் குதிகாலால் உதைத்தால் இடுப்புப் பிடிப்பு விட்டுவிடும் என்பது அந்தத் தெருவின் நம்பிக்கை.

"எம் பொண்டாட்டிகூடத்தான் என்னைத் தெனம் ஒதைக்கிறா, எனக்கு ஒரு பிடிப்பும் வுடல" என்று சிரித்துக்கொண்டே வந்தவன், பெண்ணைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினான்.

"எத்தினி நாளா இருக்கும்மா? மூணு நாளுக்கு மேல போன வலியை நான் தொடமாட்டேன். எங்க அம்மா சத்தியம் வாங்கியிருக்கு."

"நேத்துத்தான். தண்ணிக்குடம் தூக்கினா, புடிச்சிக்கிச்சி" என்றாள் அமிர்தவல்லி.

"முசே, அப்படியா?" என்று பிரெஞ்சு மரியாதையோடு அப்பாவைக் கேட்டான்.

கிருஷ்ணசாமி தலையாட்டினார்.

காத்தவராயன் குனிந்தான். "நீ சொல்லு பாப்பா."

அஞ்சலாட்சி அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். "நேத்துத்தான்."

அவளைச் சுவரைப் பிடித்து நிற்கவைத்து, மூன்று முறை உதைத்தான். மூன்றாவது உதையில் அவள் சுவரோடு வழுக்கித் தரையில் குப்புற விழுந்தாள். அழவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மெதுவாகக் கேட்டாள்:

"அம்மா, என் எடது காலு எங்க இருக்குது?"

காத்தவராயன்தான் அவளைத் தூக்கி வண்டியில் கிடத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனான்.

டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்தார். "முதுகெலும்புல இது இன்னிக்கு வந்த விரிசல் இல்ல. மாசக்கணக்கா இருந்திருக்கு. அப்பவே ஆட்டத்தை நிறுத்திப் படுக்க வெச்சிருந்தா தானா கூடியிருக்கும். இப்ப எலும்பு நழுவி நரம்பை அழுத்துது."

"நடப்பாளா?" என்றார் கிருஷ்ணசாமி.

"நடக்கலாம், கோல் ஊனிக்கிட்டு. இனிமே ஆட முடியாது."

மார்பிலிருந்து தொடை வரை மாவுக்கட்டுப் போட்டார்கள். பதினான்காம் தேதி மாலை கடற்கரையிலிருந்து வாத்திய ஒலி வார்டு வரை கேட்டது. அஞ்சலாட்சி முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டாள். மறுநாள் மதாம் வந்தாள். அஞ்சலாட்சியின் நெற்றியைத் தொட்டாள். பெற்றவர்களிடம் ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டாள். அதன்பிறகு கிருஷ்ணசாமி வார்டுக்குள் வருவதில்லை. ஆஸ்பத்திரி வாசலோடு உட்கார்ந்துவிடுவார்.

காத்தவராயன் ஒரு நாள் கதவோரம் வந்து நின்றான். "என் காலு செஞ்சதை நான் சாவுற வரைக்கும் மறக்கமாட்டேம்மா. ஆனா கேட்டேனே. மூணு பேரையும் கேட்டேனே. உண்மையைச் சொல்லியிருந்தா அன்னிக்கே இங்க கொண்டாந்து வுட்டிருப்பேன்."



பக்கத்துக் கட்டிலில் வீராம்பட்டினத்துத் தனக்கொடி, காய்ச்சலில் கிடந்த தன் மகனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கேட்டாள்: "பொண்ணுக்கு என்னாக்கா? எங்கியாச்சும் வுழுந்துடிச்சா?"

ஆமாம் என்று சொல்வது எளிது. அமிர்தவல்லி மகளின் உணர்ச்சியற்ற காலைப் பார்த்தாள்.

"வுழல. ஏழு மாசமா வலிக்குதுன்னு சொன்னா. நாங்கதான் துணியைக் கட்டி மறைச்சோம். அவ வாயாலயே பொய் சொல்லவும் வெச்சோம்."

தனக்கொடி குரலைத் தாழ்த்தினாள். "எம் பெரியவளும் முட்டி வலிக்குதுன்னு சொல்லிக்கினே இருக்கா. பதினாறு வயசு. வேலைக்குக் கள்ளம் பண்றான்னு நெனச்சேன். பொண்ணு பாக்க வர்றாங்க, அதான் வெளிய சொல்லல."

"அவளை நாளைக்கே இங்க இட்டுக்கினு வா" என்றாள் அமிர்தவல்லி. "பொண்ணு பாக்க வர்றவங்க இன்னொரு நாள் வருவாங்க. வராட்டிப் போவட்டும். புள்ளை வலிக்குதுன்னா நம்பணும். நம்பி டாக்டர்கிட்ட காட்டணும். ஊருக்குப் பயந்து மறைச்சா கௌரவம் மிஞ்சும்னு நெனச்சேன். எனக்கு மிஞ்சினது இந்தக் கட்டிலுதான்."