கதவுக்கு ஒதுக்கிய மரம்

என் வீட்டு வாசலில் கதவு இல்லை. சாக்குதான் தொங்கும். இருபது வருஷமாக மரம் அறுக்கிறவன் வீட்டில் சாக்கா என்று சிரிப்பீர்கள். சிரியுங்கள். பக்கத்து வீட்டு ஆடும் அப்படித்தான் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போகும்.

அந்த ஆட்டுக்கு ஒரு கொம்பு இல்லை, வெட்கம் சுத்தமாக இல்லை. என்னிடம் இருந்த ஒரே நல்ல சட்டையின் கையைத் தின்றது. ஒரு நாள் முதுகு வலி தாங்காமல் மத்தியானம் படுத்திருந்தேன், அதுவும் பக்கத்தில் வந்து படுத்துக்கொண்டது. பெண்டாட்டி வந்து பார்த்துவிட்டு, "ரெண்டு பேர்ல யாரை முதல்ல எழுப்பறது?" என்று கேட்டாள்.

எங்கள் காடு தொண்ணூற்றிரண்டு வீட்டுக்கும் பொது. வருஷத்துக்கு எட்டு மரம் வீட்டு உபயோகத்துக்கு என்று சங்கம் ஒதுக்கும், வரிசைப்படி. பன்னிரண்டு வருஷம் காத்திருந்து என் முறை வந்தது. நல்ல நேரான மரம். தட்டிப் பார்த்தால் கதவு மாதிரியே சத்தம் வரும்.

ஆனால் ஒதுக்கினால் ஆயிற்றா? காட்டில் இரண்டு கூட்டம். வெட்டுகிற நாங்கள் ஒன்று. தேன், பிசின், காளான், கொட்டை என்று எடுத்து விற்கிறவர்கள் இன்னொன்று. இரண்டும் மண்டையை உடைத்துக்கொள்ளாமல் இருக்க ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். வெட்டப்போகிற மரத்தை எடுக்கிற கூட்டத்தின் தலைவி மூன்று சுற்று சுற்றி வருவாள். அடியைப் பார்த்து ஒரு சுற்று, நடுவைத் தடவி ஒரு சுற்று, உச்சியை அண்ணாந்து ஒரு சுற்று. எடுக்க ஏதாவது இருந்தால் அந்த வருஷம் மரம் பிழைத்தது. இல்லாவிட்டால் நோட்டில் கையெழுத்துப் போடுவாள்.

அந்தத் தலைவி என் பெண்டாட்டி.

முதல் வருஷம் அடியில் காளான் என்றாள். அடுத்த வருஷம் பட்டையில் பிசின். அதற்கடுத்த வருஷம் பொந்தில் கொட்டை. அது அணில் ஒளித்து வைத்தது.

"அணில் சொத்துக்கும் நீதான் காவலா? நான் உன் புருஷன்டி!"

"அதனாலதான். மத்தவங்க மரம்னா ஒரு தடவை பார்ப்பேன், உங்க மரத்தை ரெண்டு தடவை பார்ப்பேன். இல்லேன்னா புருஷன்னு வந்தா இவளுக்குக் கண்ணு அவிஞ்சுபோச்சுன்னு பேசுவாங்க."

வேறு மரம் கொடுங்கள் என்று சங்கத் தலைவரிடம் போனேன். அவரை நாங்கள் முத்திரை என்போம். சட்டைப் பையில் எப்போதும் ரப்பர் முத்திரை இருக்கும், பை முழுக்க ஊதா. "ஒதுக்கினது ஒதுக்கினதுதான்" என்று சொல்லி என் மனுவில் ஒரு குத்து குத்தினார்.

இந்த வருஷம் சுற்றுக்கு முதல் நாள் என் மச்சானை வேவு பார்க்க அனுப்பினேன். அவளுக்குத் தம்பி, ஆனால் என் கட்சி.

"மாமா, அடி சுத்தம், பட்டை சுத்தம், அணிலும் வீட்டைக் காலி பண்ணிடுச்சு. ஆனா மூணாவது கிளையில கொம்புத்தேன் கூடு ஒண்ணு தொங்குது. உள்ளங்கை அளவுதான்."

"உங்கக்கா விடுவாளா?"

"உள்ளங்கை ரேகை அளவு இருந்தாலும் விடமாட்டா. பொழுது சாயறப்போ ஈயெல்லாம் கூட்டுல அடங்கிடும். ஒரு சாக்கைப் போட்டுச் சுத்தி, கிளையோட வெட்டி வேற மரத்துல கட்டிடலாம்."

வீட்டில் இருந்த ஒரே சாக்கு வாசலில் தொங்கியதுதான். அவிழ்த்துக்கொண்டு போனேன்.

நான் மேலே ஏறினேன். மச்சான் கீழே நின்று யோசனை கொடுத்தான். "ஆடாதீங்க மாமா, ஆடினா கொட்டும்." ஆடாமல் இருந்தேன், அப்போதும் கொட்டியது. காதில் இரண்டு, உதட்டில் ஒன்று. ஒருவழியாகக் கிளையை நாலு மரம் தள்ளிக் கட்டிவிட்டு, சாக்கை இரண்டு உதறு உதறி மறுபடி வாசலில் மாட்டினேன்.

"உதடு என்ன இப்படி?" என்றாள்.

"மரம் இடிச்சிடுச்சு."

"பாவம். மரத்துக்கு ஒண்ணும் ஆகலையே?"

மறுநாள் காலையில் எல்லோரும் மரத்தடியில் கூடினோம். அடிச் சுற்றில் ஒன்றும் இல்லை. நடுச் சுற்றிலும் இல்லை. மூன்றாவது சுற்றில் நின்றுவிட்டாள்.

"இங்க தேன்கூடு இருந்துச்சே?"

"பறந்து போயிருக்கும்" என்றேன்.

"தேனீக்கு றெக்கை இருக்கே அக்கா" என்றான் மச்சான்.

"சரி, கிளைக்கும் றெக்கை முளைச்சுதா?"

எல்லோரும் அண்ணாந்து பார்த்தோம். வெட்டிய இடம் பச்சையாகப் பல்லை இளித்துக்கொண்டிருந்தது. என் உதட்டையும் ஒரு முறை பார்த்தாள்.

முத்திரை கனைத்தார். "சுத்தற நாள்ல மரத்துல என்ன இருக்கோ அதுதாம்மா கணக்கு. விதி அப்படி."

அவள் போட்ட கையெழுத்தில் நோட்டுத் தாள் கிழிந்தது. உச்சி வெயிலுக்குள் மரத்தைச் சாய்த்துவிட்டேன். இருபது வருஷத்தில் அன்றைக்குப் போல ரம்பம் ஓடியதே இல்லை. பாட்டுக்கூடப் பாடினேன், உதடு ஒத்துழைக்கவில்லை.

வீட்டுக்குத் திரும்பினால் தெருவே என் வாசலைப் பார்த்து நிற்கிறது. நிலைப்படிக்கு மேலே, சாக்கு தொங்குகிற கம்பில், கறுப்பாக ஒரு கொத்து. அது அசைந்தது. என் காது தானாகவே வலித்தது.

என் பெண்டாட்டி ஒரு குச்சியால் சாக்கின் மேல் மடிப்பை மெல்ல நீக்கிப் பார்த்தாள். தேன் எடுக்கிறவளுக்குப் பாடமா வேண்டும்?

"ராணியை மடிப்புல வச்சு வீட்டுக்குக் கூட்டிட்டு வந்திருக்கீங்க. அவ இருக்கற இடத்துக்கு மத்ததெல்லாம் வராம எங்க போகும்?" என்று சொல்லிவிட்டு, தெருவுக்கே கேட்கிற மாதிரி, "தாலி கட்டின என்னையே இவ்வளவு பத்திரமா கூட்டிட்டு வரலை" என்றாள்.

முத்திரை சங்கத்து விதிப் புத்தகத்தைப் பிரித்தார். கூடு கட்டிய இடத்தைச் சுற்றி முப்பது அடிக்குத் தேன் எடுக்கும் வரை ஆணி, சுத்தியல், புகை எதுவும் ஆகாது. அதாவது கதவு மாட்டக்கூடாது. முத்திரை விழுந்தது. கூட்டைக் கலைத்தவனுக்குத் தண்டனையாக அந்தக் கூட்டுக்கே காவல் என்று அவள் சொல்ல, அதற்கும் ஒரு முத்திரை.

தச்சர் கதவைச் செய்து கொண்டுவந்துவிட்டார். அழகான கதவு. மாட்ட வழியில்லாமல், வீட்டுக்கு எதிரே இருந்த சங்கக் கொட்டகையில் நாலு கல்லின்மேல் படுக்கப்போட்டோம். நானும் அதன்மேல் படுத்தேன். வேறு வழி? தேனீக்கள் அவளை ஒன்றும் செய்யாது, குனிந்து போவாள், வருவாள். என்னைக் கண்டால் மட்டும் பழைய பாக்கி இருப்பதுபோலக் கிளம்பி வரும்.

மூன்றாம் நாள் ஆடு வந்தது. வழக்கம்போல என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு வாசலுக்குப் போனது. மூக்கில் ஒன்று வாங்கியது. அது கத்திய கத்தல், அடடா. அதோடு சரி, எதிர்ச் சுவரோரமாகவே நடக்கிறது. எந்தத் தச்சனும் அப்படி ஒரு கதவு செய்யமாட்டான்.

இன்னொன்றும் நடந்தது. பத்து நாளில் என் முதுகு வலி போய்விட்டது. தட்டையான பலகை, காற்று, பக்கத்தில் ஆடு இல்லை. விடியும் வரை புரளாமல் தூங்கினேன்.

மழை வந்து போனது. தேன் முதிர்ந்து அவள் எடுத்தாள். எனக்கு ஒரு விரல் தேன் நக்கக் கொடுத்தாள். ஈக்கள் வேறு இடம் பார்த்துப் போய்விட்டன. அன்றைக்கே மச்சான் கீல்களோடும், முத்திரை ஒரு சுத்தியலோடும் வந்து நின்றார்கள்.

"எழுந்திருங்க மாமா, கதவை மாட்டணும்."

"ரெண்டு நாள் போகட்டுமே" என்றேன்.

"பதினஞ்சு வருஷமா கதவு கதவுன்னு என் உயிரை எடுத்தீங்க" என்றாள் பெண்டாட்டி. நான் எழுந்திருக்கவில்லை. என்னைப் பார்த்தாள், என் முதுகைப் பார்த்தாள். பிறகு இடுப்பில் செருகியிருந்த நோட்டை எடுத்து, கதவைச் சுற்றி வர ஆரம்பித்தாள். ஒரு சுற்று. இரண்டாவது. மூன்றாவதில் குனிந்து, கல்லுக்கும் பலகைக்கும் நடுவே எட்டிப் பார்த்தாள்.

"காளான்" என்றாள்.

"அக்கா, அது சட்டைப் பொத்தான் அளவுகூட இல்ல!"

"அளவு எவ்வளவுன்னு விதியில இல்ல. எடுக்க ஒண்ணு இருக்கு. இந்த வருஷம் தொடக்கூடாது."

முத்திரை ஒரு நிமிஷம் யோசித்தார், பையில் கையை விட்டார், குத்தினார்.

கல்யாணம் ஆனதிலிருந்து முதல் தடவையாக அவள் சொன்னதற்கு நான் எதிர்த்துப் பேசவில்லை. போர்வையை இழுத்துக்கொண்டு திரும்பிப் படுத்தேன்.

கூடு காலியானது ஆட்டுக்கு இன்னும் தெரியாது. நீங்களும் சொல்லிவிடாதீர்கள்.