கடைசிக் கட்டத்தில் ஒரு டிக்

1

இந்தக் கதை என்னிடம் கேட்டு வாங்கப்படுகிறது. எங்கள் பங்குக் கோவிலில், வேலைக்குப் போகும் கத்தோலிக்கர்களுக்கென்று ஒரு சங்கம் இருக்கிறது. டாக்டர், வக்கீல், இன்ஜினியர் என்று முப்பது பேர் மாதம் ஒருமுறை கூடி, விசுவாசத்தை எப்படி அலுவலகத்துக்குள் கொண்டுபோவது என்று பேசுவோம். பிஸ்கட் உண்டு. சங்கத்தின் இதழுக்கு ஒரு பக்கக் கதை வேண்டும், படித்தால் மனசு நிறைய வேண்டும் என்றார் செயலாளர். யோசிக்காமல் தலையாட்டிவிட்டேன்.

முதல் வரி இப்படி இருந்தது:

லிஃப்ட் பரிசோதகர் நேர்மையானவர், ஆகவே

அதற்கு மேல் பேனா நகரவில்லை.

2

மறுபடி தொடங்குகிறேன். லிஃப்ட் பரிசோதகர் நேர்மையானவர்தான். அடுக்குமாடிகளில் ஏறி இறங்கி, இந்த லிஃப்ட் ஓடலாம் என்று சான்றிதழ் கொடுப்பது அவர் வேலை. இருபத்தாறு வருஷமாக அவரைப் பற்றி ஒரு புகார் கிடையாது. படிவத்தில் பதினோரு கட்டங்கள். கடைசிக் கட்டம் அவசர பிரேக், அதாவது கயிறு அறுந்தாலும் லிஃப்ட்டை இறுகப் பிடித்து நிறுத்துகிற சாதனம். அதைச் சோதிக்க மொட்டை மாடியில் இருக்கும் இயந்திர அறைக்குப் போக வேண்டும். நாற்பது நிமிஷம் பிடிக்கும்.

அன்றைக்கு எட்டு மாடிக் கட்டடம் ஒன்றில் பத்துக் கட்டங்களை முடித்தபோது மணி மூன்றரை. நாலு மணிக்கு அவர் எங்கள் சங்கத்தில் பேச வேண்டும். தலைப்பு, 'வேலையில் உண்மை'.

பதினோராவது கட்டத்தில் டிக் போட்டு, கையெழுத்தும் போட்டுவிட்டு ஓடிவந்தார். பேச்சு பிரமாதம். எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். [நானும்தான்.]

3

போன சனிக்கிழமை ஒப்புரவுக்கு, அதாவது ஃபாதரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கப் போனார். பொய் சொல்லிவிட்டேன் ஃபாதர் என்றார். என்ன பொய், யாரிடம் என்று ஃபாதர் கேட்டிருக்கலாம். வரிசையில் இன்னும் பத்துப் பேர் நின்றார்கள். பரிகாரமாக மூன்று 'அருள் நிறைந்த மரியே' செபம் சொல்லச் சொன்னார். இவர் தாராளமாக ஐந்து சொன்னார். வீட்டுக்குச் சீட்டியடித்துக்கொண்டே வந்தார்.

[இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? ஃபாதர் சொல்லவில்லை, தலையே போனாலும் சொல்ல மாட்டார். பரிசோதகர் தன் மனைவியிடம் சொன்னார். மனைவி வழியாகத்தான் எனக்கு வந்தது.]

4

மனைவி பாத்திரத்தில்தான் எனக்குச் சந்தேகம். ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸ். வாய் கொஞ்சம் நீளம். முதல் வரைவில் ஒன்றரைப் பக்கம் பேசினாள். அடித்துத் திருத்தியதில் இவ்வளவுதான் மிச்சம்:

"சரிங்க, உங்களுக்கு மன்னிப்பு கிடைச்சுது. லிஃப்ட்டுக்கு?"

"அதான் ஆண்டவர்கிட்ட ஒப்படைச்சாச்சே."

"தியேட்டர்ல பஞ்சு எண்ணும்போது ஒண்ணு குறைஞ்சா நாங்களும் செபம் பண்ணுவோம். ஆனா தேடிக்கிட்டே பண்ணுவோம். அது கிடைக்கிற வரைக்கும் வயித்தைத் தைக்க விடமாட்டோம்."

அவர் செய்தித்தாளை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார். சான்றிதழைத் திரும்பப் பெற வேண்டுமானால், சோதிக்காமலே கையெழுத்துப் போட்டேன் என்று அவரே அலுவலகத்துக்கு எழுத வேண்டும். எழுதினால் உரிமம் போகலாம். ஓய்வுக்கு இன்னும் மூன்று வருஷம் இருக்கிறது. எழுதாவிட்டால் எட்டு மாடி ஜனமும் தினம் அதில்தான் ஏறி இறங்கும். அவருக்குப் பயம். பார்க்கப் பாவமாக இருந்தது. கோபமும் வந்தது.

5

முடிவுகள் கைவசம் மூன்று இருக்கின்றன.

அ) ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் யாருக்கும் தெரியாமல் போய்ச் சோதிக்கிறார். பிரேக் கச்சிதமாகப் பிடிக்கிறது. செயலாளருக்கு இது பிடிக்கும். எனக்குப் பிடிக்கவில்லை. பிரேக் நன்றாக இருந்தால் அந்தப் பெருமை பிரேக்குக்குத்தான்.

ஆ) பிரேக் பிடிக்கவில்லை. ஏழாவது மாடியிலிருந்து

இதை எழுத எனக்குக் கை வரவில்லை.

இ) அலுவலகத்துக்குக் கடிதம் எழுதுகிறார். மேலதிகாரி கண்கலங்கி அவரைக் கட்டிக்கொள்கிறார். [அந்த மேலதிகாரியை எனக்குத் தெரியும். கட்டிக்கொள்கிற ஆள் இல்லை.]

6

வாசகரே, வாய் நீளமான அந்த மனைவி நான்தான். இதை முதலில் படிக்கப்போகிற வாசகர் நீங்கள்தாங்க. உங்கள் மேசைமேல் வைத்துவிட்டு டூட்டிக்குக் கிளம்புகிறேன்.

முடிவை என்னால் எழுத முடியாது. அது அலுவலகத்துக்கு நீங்கள் எழுத வேண்டிய கடிதம். செயலாளருக்கு அதிலேயே ஒரு பிரதி கொடுத்துவிடலாம், மனசு நிறையட்டும். உரிமம் போனால் என் சம்பளத்தில் குடும்பத்தை ஓட்டிக்கொள்ளலாம். எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அன்று நீங்கள் பேசியபோது நான் கைதட்டியது நடிப்பில்லை.

இன்னொன்று. நேற்று வேலைக்குப் போகிற வழியில் அந்தக் கட்டடத்துக்குப் போய், லிஃப்ட் கதவுகளில் மாடிக்கு மாடி 'பழுது, ஏறாதீர்கள்' என்று அட்டை மாட்டிவிட்டு வந்தேன். யாரும்மா நீங்க என்று காவலாளி கேட்டார். பரிசோதகர் வீட்டிலிருந்து என்றேன். அதுவரை உண்மை. இப்போது எட்டு மாடியும் படியேறிக்கொண்டே என்னைத் திட்டுகிறது.

வரும் சனிக்கிழமை நானும் ஒப்புரவுக்குப் போக வேண்டும். அட்டையில் நான் எழுதியது பொய்யா இல்லையா என்று, அதற்குள் மேலே போய்ப் பார்த்துச் சொல்லுங்கள்.