ஏழு நாள் பால்

இரத்தம் சோதித்த காகிதம் வரும்வரைக்கும் ஜெமீலாவின் கால் நிலத்தில் படவில்லை. சோறு வடித்தாள், கோழிக்குத் தீனி போட்டாள், எல்லாம் தண்ணிக்கு மேலே நின்று செய்வதுபோலவே இருந்தது. மூன்று மாதம் அப்படி. மகள் பரீனாவின் கலியாணம் அந்தக் காகிதத்தில் தொங்கிக்கொண்டிருந்ததே, வேறெப்படி இருக்கும்?

ஜெமீலாவின் மூத்தவன் சாஹுல் ஹமீது ஆறு வயதில் மௌத்தாகிப்போனவன். ஊறுகிற இரத்தம் தானாகவே உடைந்துபோகிற பரம்பரை வருத்தம். லட்சத்தில் ஒருவருக்குத்தான் வருமாம். வந்ததே, என்ன செய்ய! மாதாமாதம் இரத்தம் ஏற்றியும் பிள்ளை வெளுத்து வெளுத்தே போனான். ஊர் கண்ணூறு என்றது. ஜெமீலா மட்டும் ஒருவருக்கும் சொல்லாமல், தன் பாலில்தான் குறை என்று நம்பிக்கொண்டிருந்தாள்.

அதனால்தான் கனமூலையிலிருந்து நௌசாத்துக்குப் பெண் கேட்டு வந்தபோது, முதலில் இரத்தம் பார்க்கட்டும், பிறகு மற்றக் கதை என்று பரீனா ஒரே பிடியாக நின்றாள். தாய்க்கும் தகப்பனுக்கும் சோதித்துப் பரம்பரைக் கூறில் எந்த இடத்தில் பிழை என்று ஏற்கெனவே கண்டுபிடித்திருந்தார்கள். பரீனாவிடம் அது இருந்தாலும் அவளை ஒன்றும் செய்யாது. கட்டுகிறவனிடமும் அதே பிழை இருந்தால்தான் பிறக்கும் பிள்ளைக்கு ஆபத்து. வேறொரு மாப்பிள்ளை என்றால் ஓட்டம் பிடித்திருப்பான். நௌசாத் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்து இரத்தம் கொடுத்தான். ஜெமீலா அன்றைக்கே மனதுக்குள் அவனை மருமகனாக்கிவிட்டாள். பரீனாவோ, அடுப்பில் பாலைப் பொங்கவிட்டுப் போனுக்குள் சிரித்துக்கொண்டு நிற்கத் தொடங்கியிருந்தாள்.

புத்தளம் கிளினிக்கில் டொக்டர் அம்மா காகிதத்தை விரித்தா. பரீனாவிடம் பிழை இருக்கிறது. நௌசாத்திடம் இல்லை. தாராளமாகக் கட்டலாம்.

அல்ஹம்துலில்லாஹ்! பிள்ளைகள் இரண்டும் ஐஸ்கிறீம் வாங்கப் போவதாகச் சொல்லி வெளியே பறந்தார்கள். ஜெமீலாவும் நௌசாத்தின் தாய் ஹபீபாவும் கதிரையிலேயே இருந்தார்கள். யன்னலுக்கு வெளியே களப்புத் தண்ணி வெயிலில் மினுங்கியது. அதைப் பார்க்கப் பார்க்க ஜெமீலாவுக்கு அந்தத் தோணி ஞாபகத்துக்கு வந்துவிட்டது. எத்தனையோ வருசமாகக் கனவில் வருகிற தோணி.

தவளை தன் வாயால் கெடும் என்பது சும்மாவா? எல்லாம் சுபமாய் முடிந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு எழும்பியிருக்கலாம். ஆனால் இருபத்தாறு வருசப் பயம் அவளைக் கேட்க வைத்தது.

தொண்ணூறாம் ஆண்டு மன்னாரிலிருந்து முஸ்லிம்கள் எல்லாரையும் ஊரைவிட்டுப் போகச் சொன்னபோது, சாஹுல் ஹமீது மூன்று மாதக் குழந்தை. கற்பிட்டிக்கு வந்த தோணியில் ஒரு பெண் காய்ச்சலில் நினைவில்லாமல் கிடந்தாள். முகம் முழுக்கத் துணி. அவளுடைய பிள்ளை கைமாறிக் கைமாறி ஜெமீலாவின் மடிக்கு வந்தது. ஒரு பக்கம் தன் மகன், மறுபக்கம் அது. கரையில் ஓலைக்கொட்டிலிலும் ஏழு நாள் பால் கொடுத்தாள். பிறகு ஒரு லொறி தாயையும் பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டது. பேர்கூடக் கேட்கவில்லை. உள்ளங்காலில் மை தொட்டு வைத்த மாதிரி ஒரு மச்சம், அது இன்னும் ஞாபகம். அந்தப் பிள்ளைக்கும் தன் பாலால் இந்த வருத்தம் தொற்றியிருக்குமோ என்று கேட்டாள்.

டொக்டர் சிரித்தா. இது பாலில் தொற்றாது, பெற்றவர்களிடமிருந்துதான் வரும் என்றா. மனசில் கிடந்த பாறாங்கல் இறங்கியது. ஜெமீலா திரும்பி ஹபீபாவைப் பார்த்தாள்.

ஹபீபாவின் முகத்தில் உயிரில்லை.

வெளி விறாந்தைக்கு வந்ததும் ஹபீபா ஜெமீலாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தத் தோணியில் காய்ச்சலில் கிடந்தது தான்தான் என்றாள். தூரத்தில், வாசலடியில், நௌசாத் ஒரு செருப்பைக் கழற்றி மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தான். பரீனா அவன் விழாமல் தோளைப் பிடித்திருந்தாள். இனி அந்த உள்ளங்காலைப் பார்க்கவும் வேண்டுமா? மார்க்கத்தில் ஒரு தாயிடம் ஐந்து தரம் வயிறாரப் பால் குடித்தாலே அவளுக்குப் பிள்ளை. அவள் பெற்ற பிள்ளைகளுக்குக் கூடப்பிறந்தவன். அவர்களுக்குள் நிக்காஹ் ஹராம், கட்டவே கூடாது. ஏழு நாளில் எத்தனை தரம் குடித்திருப்பான்!

"ராத்தா," என்றாள் ஹபீபா மெல்ல, "நீங்க சொல்லாட்டி நானும் சொல்ல மாட்டன். ஆருக்குத் தெரியும்?"

ஜெமீலாவுக்கு ஆசையாகத்தான் இருந்தது. பொய் சொல்வானேன், மிகவும் ஆசையாக இருந்தது. பரீனாவின் சிரிப்பு இங்குவரை கேட்டது.

"எனக்குத் தெரியுமே, ஹபீபா," என்றாள்.

இருவரும் கையில் ஐஸ்கிறீமோடு வந்தார்கள். நௌசாத் ஒன்றை நீட்டி, உருகுது, பிடியுங்க மாமி என்றான். அவள் வாங்கவில்லை. அந்த முகத்தை இரண்டு கையாலும் ஏந்தினாள். தோணியில் பார்த்த அதே கண்.

"மாமி எண்டு கூப்பிடாதீங்க, மகன். உம்மா எண்டு கூப்பிடுங்க."

கலியாணச் சந்தோசத்தில் சொல்கிறாள் என்று நினைத்து அவன் வாய்விட்டுச் சிரித்தான். "ஓம் உம்மா," என்றான்.

பரீனாவும் சிரித்தாள். பிறகுதான் ஹபீபா அழுவதைக் கண்டாள்.