ஈஸ்டர் வரைக்கும்

மருஸோ படிக்கட்டில் குந்தி, கற்களின் இடுக்குகளில் சுண்ணாம்புக் கோடு இழுத்துக்கொண்டிருந்தாள். மேல்படியில் பொலிக்ஸேனி நின்றிருந்தாள். அந்தச் சின்னக் கிரேக்கத் தீவுக்கு இருந்த ஒரே நர்ஸ் அவள்தான்.

"அங்கேயே நில்லு பொண்ணே, ஈரம்."

"நிக்கறேன். அஞ்சு வாரம்கூட நிப்பேன், மருஸோம்மா."

மருஸோ பிரஷ்ஷை வாளியில் போட்டாள்.

செப்டம்பரில் எட்டு மாத வேலைக்கு வந்தவள் பொலிக்ஸேனி. மே பாதிவரை முழுதாக முடித்தால் நிரந்தர வேலைக்கான பட்டியலில் பெயர் ஏறும். ஒரு வாரம் குறைந்தாலும் அத்தனையும் தண்ணீரில். அறை பேசும்போது மருஸோ, "ஈஸ்டர் வரைக்கும்" என்றாள். இருவரும் கையடித்துக்கொண்டார்கள். அவள் வந்த வருஷம் ஈஸ்டர் மே மாதத்தில் வந்திருந்தது. பொலிக்ஸேனி அதையே கணக்கில் வைத்தாள். நிலாவைப் பார்த்து வரும் பண்டிகை இந்தமுறை ஏப்ரலிலேயே வந்து நின்றது.

"நாளைக்குக் கப்பல்ல ஆள் வருது. உன் ஒரு மாச வாடகையை நாலு ராத்திரியில குடுக்கறாங்க. அத வச்சுத்தான் நாங்க குளிர்காலம் பூரா சாப்பிடணும்."

"வேற வீடு?"

"பிப்ரவரியில கேட்டிருந்தா மேயரே தன் கட்டிலைக் குடுத்திருப்பான். இப்ப கோழிக்கூண்டுக்கே முன்பதிவு."

"உங்க கிடங்குல ஒரு மூலை?"

"நானும் கிழவனும் இன்னிக்கு அங்கதான் மாறறோம். எண்ணெய் ஜாடிக்கு நடுவுல ரெண்டு பேரு. அவர் குறட்டைக்கே தனி இடம் வேணும்."

பொலிக்ஸேனி சிரித்துவிட்டாள். மருஸோவும் சிரித்தாள், ஆனால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கப்பல் வராத பதினோரு நாள், புயல் அடித்தபோது, இரண்டு பேரும் ஒரே அடுப்பில் பீன்ஸ் சூப் வைத்துக் குடித்தவர்கள். அப்போது தீவில் ஏழு வீட்டில்தான் புகை வந்தது.

"வாக்குன்னா வாக்கு. உனக்கும்தான், எனக்கும்தான்" என்றாள் மருஸோ, வாளியைப் பார்த்து.

சாயங்காலம் அவளே பொலிக்ஸேனியின் பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு சுகாதார நிலையம்வரை வந்தாள். வாசலில் வைத்துவிட்டு உள்ளே வராமல் திரும்பினாள்.

மறுநாள் கப்பல் வந்தது. அதற்கடுத்த நாள் காலை, கதவு திறக்குமுன்பே வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு ஜெர்மன்காரி தட்டினாள். பொலிக்ஸேனி சட்டைப் பொத்தானைப் போட்டபடி திறந்து, பரிசோதனை மேசையைக் காட்டினாள். அது குட்டை மேசை. படுத்தவள் காலை மடக்கிக்கொண்டாள்.

"அட, கதகதன்னு இருக்கே!" என்றாள், தெரிந்த கொஞ்சம் கிரேக்கத்தில். "இந்தச் சின்னத் தீவுல மேசையைக்கூட சூடு பண்ணி வைப்பீங்களா?"

"ஆமாம்மா. ராத்திரி பூரா."

பொலிக்ஸேனி தலையணையைக் காலால் மேசைக்கடியில் தள்ளிவிட்டு, கை கழுவப் போனாள்.