மூன்றாவது பலகை

வைமர் திர்க்கெல் செத்தால் அவன் பிணத்துக்கு மெழுகுவர்த்தி வார்க்க மாட்டேன். இது வெறும் வாய்ப்பேச்சு இல்லை. எங்கள் கோயிலில் எரிகிற வர்த்தி எல்லாம் நான் வார்த்தவைதான். பீடத்தில் எரிவது, சிலுவையில் தொங்கும் பாடுபட்ட சுரூபத்துக்கு முன்னால் எரிவது, பிணத்தைச் சுற்றி எரிவது எல்லாம் என் அடுப்படியிலிருந்து போனவை. அவனை இருட்டில் புதைக்கட்டும்.

கோயிலுக்குப் புதுத் தடுப்பு போட்டது அவன்தான். ஆட்டுமயிர் விற்றுக் கொழுத்தவன். ஜனங்கள் நிற்கும் கூடத்துக்கும் சாமியார் பூசை வைக்கும் பீடப்பக்கத்துக்கும் நடுவில் பழைய தடுப்பு ஒன்று நின்றது. மேல்பாதி மரச் சட்டங்கள், நின்றால் இடைவெளி வழியே பீடம் தெரியும். கீழ்ப்பாதி கனத்த பலகை. ஆனால் சாமியார் ஆண்டவரின் உடலான அப்பத்தை உயர்த்துகிற நேரம் மணி அடித்ததும் யாரும் நிற்கக் கூடாது, மண்டியிட வேண்டும். மண்டியிட்டால் மூக்குக்கு நேரே பலகைதான் இருக்கும். அதனால் முன்னால் இருப்பவர்கள் பலகையில் ஆளுக்கொரு துளை போட்டு வைத்திருந்தார்கள். எங்கள் பக்கத்தில் எல்லாக் கோயிலிலும் அப்படித்தான்.

ஒரு ஞாயிறு அப்பத்தைக் கண்ணால் பார்த்தால் அடுத்த ஞாயிறு வரைக்கும் திடீர்ச் சாவு வராது. சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் சொல்லாமல், சாகிறவர்களுக்குப் பூசும் அவஸ்தை எண்ணெய் பூசாமல், நாய் மாதிரிச் சாகிற சாவு வராது. இதற்காகத்தான் என் புருஷன் ஹாமண்ட் உயிரோடு இருந்தான் என்றே சொல்லலாம். அவன் தச்சன். இரண்டு வருஷம் முன்னால் கோபுரத்தில் மணிச் சட்டம் மாற்றும்போது உத்தரம் நழுவி இடுப்பில் விழுந்தது. அதற்குக் கீழே உணர்வே இல்லாமல் போயிற்று. பீர்ப் பீப்பாய் ஒன்றைப் பாதியாக அறுத்து, வைக்கோல் திணித்து, அதில் உட்கார வைத்து நாலு பேர் ஞாயிறுதோறும் தூக்கிப் போவார்கள். போன குளிர்காலத்திலிருந்து நெஞ்சும் விட்டுவிட்டு அடித்தது. பேசிக்கொண்டே இருப்பான், சட்டென்று கண் செருகும். நான் கன்னத்தில் தட்டினால் திரும்பி வருவான்.

பழைய பலகையில் அவன் உட்காரும் உயரத்துக்கு அவனே ஒரு துளை போட்டிருந்தான். அந்தப் பலகையை வைமர் என்ன செய்தான் தெரியுமா? தன் பன்றிக்கொட்டிலுக்குக் கதவு போட்டான். என் புருஷன் போட்ட ஓட்டை வழியே இப்போது பன்றி தெருவைப் பார்க்கிறது.

புதுத் தடுப்பிலும் மேலே மரச் சட்டங்கள்தான், ஆனால் கீழ்ப்பலகையில் ஓட்டை கிடையாது. நார்விச் பட்டணத்திலிருந்து ஓவியனைக் கூட்டிவந்து பலகைக்கு ஒரு புனிதர் என்று எட்டுப் பேரை எழுத வைத்தான். மூன்றாவது பலகையில் புனித அப்போலோனியா, குறட்டில் பிடுங்கிய பல்லோடு. அவள் காலடியில் முழங்காலிட்டு, கை கூப்பி, சாண் உயரத்தில் யார்? வைமர் திர்க்கெல். இரட்டைத் தாடைகூட விடாமல் எழுதியிருந்தான் ஓவியன். நாலாவதில் புனித லாரன்ஸ், அவரைச் சுட்ட இரும்புக் கட்டிலோடு.

தடுப்பு வந்த முதல் ஞாயிறு ஹாமண்டின் பீப்பாயைத் தடுப்பின் நடுவாசலுக்கு எதிரே இறக்கச் சொன்னேன். வாசல் திறந்திருக்கும், அங்கிருந்தால் பீடம் நேரே தெரியும். வைமர் ஓடி வந்தான்.

"ஏய், தூக்கு! தூக்கு அதை! என் அப்பா மேலயா இவனைக் கொண்டாந்து வைக்கிறே?"

குனிந்து பார்த்தேன். தரையில் அவன் அப்பனின் கல்லறைக் கல், அதில் பித்தளையில் வெட்டிய அப்பன்.

"உங்கப்பா ஒண்ணும் கத்தலியே ஐயா. நீங்கதான் கத்தறீங்க."

"பித்தளை தேஞ்சு போயிடும்டி. பீப்பாயை இழுத்துக்கிட்டு எங்க வேணா போ. ஞானஸ்நானத் தொட்டிப் பக்கம் எடம் கெடக்குது."

"அது கடைசிக் கோடியில இருக்குது. அங்கேர்ந்து அவன் என்னத்தைப் பாப்பான்?"

"மணிச்சத்தம் கேக்குமில்ல? கேட்டுக்கட்டும்."

நான் எங்கள் சாமியார் ஆஸ்பெர்ட் சாமியைப் பார்த்தேன். அவர் நல்ல மனிதர்தான், ஆனால் வைமர் வீட்டுப் பன்றித்தொடையைத் தின்று வாய் அடைத்திருந்தது. "எம்மட், இன்னைக்கு ஒரு நாள் அனுசரிச்சுப் போம்மா" என்றார். அந்த ஒரு நாள் ஆறு ஞாயிறு ஆயிற்று. ஆறு ஞாயிறும் ஹாமண்ட் ஞானஸ்நானத் தொட்டியின் கல்லைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வீட்டுக்கு வந்தால் ராத்திரி தூங்கப் பயந்தான். ஆறடி உயர ஆள், என் கையைப் பிடித்துக்கொண்டு, "தூங்கிட்டா எழுப்புடி" என்பான்.

கடைசியில் நான்தான் சொன்னேன், துளை போட்டுவிடுகிறேன் என்று. சுரூபத்து வர்த்தி மாற்ற எனக்கு எப்போதும் கோயில் திறந்திருக்கும். வியாழக்கிழமை சந்தை, ஊரே அங்கே இருக்கும்.

"நாலாவதுல போடு" என்றான் ஹாமண்ட். "லாரன்ஸோட இரும்புக் கட்டிலுக்குக் கீழ கறுப்பா இருக்கும். யாருக்கும் தெரியாது."

"மூணாவதுல போட்டா என்ன? அங்கதான் அவன் மூஞ்சி இருக்குது. உன் உயரத்துக்குச் சரியா இருக்குது."

"வேணாம் எம்மட். மூணாவதுக்குப் பின்னாடி அவனுக்குப் பெஞ்சு வருதுன்னு தச்சுப்பட்டறைப் பசங்க சொன்னானுங்க. பீடப்பக்கம் உக்காரப் போறானாம் பெரிய மனுசன்."

"பெஞ்சு முழங்கால் உசரம். துளை அதுக்கு மேல வரும். உனக்கு அவன்கிட்டப் பயம், அதைச் சொல்லு."

"பயமில்லடி. எனக்குப் பாக்கணும், அவ்வளவுதான்."

சரி சரி என்று தலையாட்டிவிட்டு அவனுடைய துளையூசியை எடுத்துக்கொண்டு போனேன். நாலாவது பலகை முன்னால்தான் முதலில் உட்கார்ந்தேன், சத்தியமாக. லாரன்ஸ் பாவம் தன்பாட்டுக்கு நின்றார். பக்கத்தில் அந்த இரட்டைத் தாடை கை கூப்பிக்கொண்டு, ஏதோ சொர்க்கத்தின் சாவியே தன் இடுப்பில் இருப்பதுபோல் மேலே பார்த்தது. நான் நகர்ந்து உட்கார்ந்தேன். துளையூசியை அவன் மூக்கின்மேல் வைத்துத் திருகினேன். ஓக் மரம், தோள் கழன்றுவிடும்போல் இருந்தது. ஒவ்வொரு திருகுக்கும் ஒரு வசவு வைதேன். மரத்தூள் மடியில் விழ விழ எனக்கு அவ்வளவு சந்தோஷம். இந்த இரண்டு வருஷத்தில் அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு வந்ததே இல்லை.

துளையில் கண்ணை வைத்தேன். பீடம் பளிச்சென்று தெரிந்தது. பெஞ்சு இன்னும் வரவில்லை. வந்தாலும் துளைக்கு ஒரு சாண் கீழேதான் நிற்கும். கையால் அளந்தே பார்த்தேன். மெழுகில் செங்காவியைக் குழைத்து மூக்கு நிறத்துக்குக் கொண்டுவந்து ஓட்டையை அடைத்தேன். நாலு அடி தள்ளி நின்று பார்த்தபோது எனக்கே தெரியவில்லை.

ஹாமண்டிடம், "போட்டாச்சு. மணி அடிச்சதும் விரலால தள்ளு, மெழுகு அந்தப் பக்கம் விழுந்துடும்" என்றேன்.

"நாலாவதுலதானே?"

"பாக்கத்தானே போறே" என்றேன்.

ஞாயிறு பீப்பாயைத் தடுப்பு ஓரமாக மூன்றாவது பலகைக்கு எதிரே வைக்கச் சொன்னேன். ஹாமண்ட் பலகையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். வாசலைக் காலியாக விட்டதால் வைமரும் தடுக்கவில்லை. நரித்தோல் வைத்துத் தைத்த அங்கியைப் பிடித்துக்கொண்டு எங்களைத் தாண்டிப் பீடப்பக்கம் போனான். போகிறபோது, "பலகையைப் பாத்துக் கும்பிடு, ஹாமண்ட். காசு போட்டு எழுதினது" என்றான்.

மணி அடித்தது. ஊரே மண்டியிட்டது. ஹாமண்ட் விரலால் மெழுகைத் தள்ளிவிட்டுக் கண்ணை வைத்தான். வைத்த கண்ணை உடனே எடுத்தான்.

"என்னடி இது? மயிரா இருக்குது."

நான் அவனை ஒதுக்கிவிட்டுப் பார்த்தேன். நரித்தோல். பெஞ்சு ஒரு சாண் கீழேதான் இருந்தது, நான் அளந்தது அத்தனையும் சரி. பெஞ்சில் ஒருத்தன் உட்காருவான் என்பதை மட்டும் நான் அளக்கவில்லை. மண்டியிட்டால் முட்டி நோகும் என்று அவன் ஆண்டவர் முன்னாலும் உட்கார்ந்தே இருந்தான். அவனுடைய அகலமான பின்பக்கம் ஓட்டையை அடைத்துக்கொண்டிருந்தது.

மணி இரண்டாம் தடவை அடித்தது. அப்பம் மேலே போகிறது. ஹாமண்ட் மூச்சு வாங்கினான். "எம்மட், எம்மட்" என்றான், குழந்தை கூப்பிடுகிற மாதிரி.

என் இடுப்பில் திரி கோர்க்கிற ஊசி எப்போதும் இருக்கும், ஒரு சாண் நீளம். எடுத்தேன், ஓட்டைக்குள் விட்டுக் குத்தினேன். அவன் எழுந்து ஓடுவான், ஓட்டை திறக்கும், ஹாமண்ட் பார்ப்பான் என்று நினைத்தேன். மூன்று நொடி போதும்.

"ஐயோ, கொன்னுட்டாங்க!" என்று அலறினான் வைமர். எழுந்தான். எழுந்தவன் ஓடவில்லை. அங்கி காலில் சிக்கிப் பின்னால் சாய்ந்து, தடுப்பு அதிர முழு முதுகோடு பலகைமேல் விழுந்தான். ஓட்டைக்குள் வெளிச்சமே இல்லை. அந்தப் பக்கம் சாமி அப்பத்தை இறக்குவது, மேலே மரச் சட்டங்களின் வழியே எனக்குத் தெரிந்தது. ஆமாம், எனக்குத் தெரிந்தது. நான் பதற்றத்தில் எழுந்து நின்றிருந்தேன்.

ஹாமண்ட் பலகையில் நெற்றியை வைத்துக்கொண்டிருந்தான்.

"நாலாவதுன்னு சொன்னேனே" என்றான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை.

பூசை முடிந்ததும் வைமர் ஆடினான். "என் மூஞ்சியில ஓட்டை போட்டிருக்கா சாமி! என்னைக் குத்தியிருக்கா!"

"எங்க குத்தினேன்? காட்டுங்க ஐயா, ஊரே பாக்கட்டும்" என்றேன்.

பின்னால் நின்ற பெண்கள் சிரித்தார்கள். சாமி சிரிக்கவில்லை. அப்பத்தை உயர்த்துகிற எழுந்தேற்ற நேரத்தில் கலகம் பண்ணியதற்குத் தண்டனை கொடுத்தார். மூன்று ஞாயிறு, வெறும் உள்சட்டையோடு, செருப்பில்லாமல், என் மெழுகிலேயே வார்த்த பெரிய வர்த்தியைப் பிடித்துக்கொண்டு, குற்றம் செய்த இடத்திலேயே நான் முழங்காலிட வேண்டும்.

முதல் ஞாயிறு வருவதற்குள் ஹாமண்ட் போய்விட்டான். புதன்கிழமை மத்தியானம். பட்டாணிக் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தான். நான் திரும்பி நின்று திரிகளை மெழுகில் முக்கிக்கொண்டிருந்தேன். கரண்டி விழுந்த சத்தம் கேட்டது. கன்னத்தில் தட்டினேன், அறைந்தேன், இரண்டு கன்னத்திலும் அறைந்தேன். ஆஸ்பெர்ட் சாமி எண்ணெயோடு ஓடிவந்தபோது வாயில் இருந்த கஞ்சி ஆறிப்போயிருந்தது.

ஞாயிறன்று சட்டையோடு, குளிர்ந்த கல்லில், மூன்றாவது பலகை முன்னால் முழங்காலிட்டேன். வைமரின் மூஞ்சியில் ஓட்டை அப்படியே இருந்தது. ஓவியன் வசந்தத்தில்தான் வருவானாம். வைமர் வந்தான். என் கையில் இருந்த வர்த்தியைப் பார்த்தான், இடுப்பில் ஊசி இருக்கிறதா என்று பார்த்தான். உள்ளே போனதும் இரண்டு ஆளைக் கூப்பிட்டு, பெஞ்சைத் தூக்கி எதிர்ச்சுவர் ஓரமாகப் போடச் சொன்னான்.

மணி அடித்தது. பார்க்கக் கூடாது என்றுதான் இருந்தேன். கண் தானாக ஓட்டைக்குப் போயிற்று. குறுக்கே ஒன்றும் இல்லை. பீடம், சாமியின் இரண்டு கை, நடுவில் வெள்ளையாக அப்பம். ஹாமண்டின் உயரத்துக்குச் சரியாக இருந்தது.

இரண்டாவது ஞாயிறு கொஞ்சம் மெழுகும் செங்காவியும் ஒரு துணியில் முடிந்து கொண்டுபோனேன். ஹாமண்ட் பார்க்காததை நானும் பார்க்க வேண்டாம் என்று, பூசை தொடங்கும் முன்பே அந்த ஓட்டையை அடைத்து, கட்டைவிரலால் நீவி விட்டேன். வைமர் திர்க்கெலுக்கு மூக்கு திரும்ப வந்துவிட்டது.