தெங்கிஸுக்கு ஒரு கோப்பை

முர்தாஸின் மோவாயில் கின்காலிக் கொழுக்கட்டையின் கறிச்சாறு வழிந்தது. அதைத் துடைக்காமல், கொழுக்கட்டை தின்ற கையால் லம்சிராவின் தோளைத் தட்டினான்.

"சாப்பிடு தங்கச்சி. தெங்கிஸ் இருந்திருந்தா உன்னை இப்படிப் பட்டினியா ஒக்கார விடுவானா?"

அவள் கறுப்பு உடையில் அவன் விரல் பட்ட இடம் எண்ணெயாக மினுங்கியது.

அவள் புருஷன் தெங்கிஸ் கட்டடச் சாரத்திலிருந்து விழுந்து செத்து இன்று நாற்பதாம் நாள். அவனை வேலைக்கு வைத்திருந்த காண்டிராக்டர்தான் இந்த முர்தாஸ். மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோருமே அவனிடம் கூலி வாங்குகிறவர்கள். அவர்கள் பிழைக்க வந்த வார்சா நகரத்திலேயே பெரிய ஜார்ஜிய உணவகத்தில் விருந்தை நானே வைக்கிறேன் என்று அவனாக வந்து நின்றான். வைத்தவன் முறையாக வைத்தானா? கருமாதிச் சாப்பாடு என்றால் கோதுமைக் கஞ்சியும் ஆட்டுக்கறிச் சோறும் மீனும் போதாதா? கின்காலி குவியலாக வந்தது, சுட்ட பன்றிக்கறி வந்தது, பாலாடைக்கட்டி ரொட்டி நெய் ஒழுக வந்தது. மூலையில் ஒருத்தன் தந்தி வாத்தியத்துக்குச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தான். போதாக்குறைக்கு, செத்தவன் பேரைச் சொல்லிக் குடிக்கும்போது கோப்பையோடு கோப்பையை இடித்தான் முர்தாஸ். சாவுப் பந்தியில் எந்த ஜார்ஜியனாவது கோப்பையை இடிப்பானா? கல்யாண வீட்டுக்கு வந்தவன் மாதிரி இடித்தான், அதைப் பார்த்து மற்றவர்களும் இடித்தார்கள்.

அதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். தெங்கிஸ் குடித்துவிட்டு விழுந்தான் என்று முர்தாஸ் தொழிலாளர் அதிகாரியிடம் வாய் கூசாமல் சொல்லியிருந்தானே, அதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. வாலிபத்தில் மஞ்சள் காமாலை வந்ததிலிருந்து தெங்கிஸ் ஒரு சொட்டு ஒயினைத் தொட்டதில்லை. ஒவ்வொரு விருந்திலும் பச்சைச் சோடாவை வைத்துக்கொண்டு ஊரார் கேலியைச் சிரித்தபடி வாங்கிக்கொண்டவன். நாளைக் காலை விசாரணை. உள்ளதைச் சொல்ல ஒரே ஒரு ஆள் முன்வந்தால் போதும், அவன் மேல் ஒட்டிய குடிகாரப் பட்டம் போய்விடும்.

அந்த ஆள் கோச்சா. அதே சாரத்தில் பக்கத்தில் நின்றவன். பாதுகாப்புக் கயிறுகளை முர்தாஸ் வேறு கட்டடத்துக்குக் கொண்டுபோய்விட்டான், கயிறு கேட்ட தெங்கிஸை அப்படியே ஏறச் சொன்னான் என்று ஒருமுறை போனில் அழுதுகொண்டே சொன்னான். அதற்கப்புறம் அவள் எத்தனை தடவை கூப்பிட்டும் அவன் போனை எடுக்கவே இல்லை. இன்று உள்ளே நுழையும்போது கோட்டு மாட்டும் இடத்தில் அவனை மடக்கிப் பிடித்தாள்.

"நாளைக்குச் சொல்லுவியாடா?"

"அக்கா, என் வேலை பெர்மிட்டே அவர் கையிலதான் இருக்கு. என்னை விட்டுடு."

இப்போது தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் மென்றுகொண்டிருந்தான். அவனைப் பார்க்கவும் அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

முர்தாஸ் எழுந்தான். விருந்துக்குத் தமதா, அதாவது தலைவன், அவனேதான். வேறு யாரை விடுவான்? பக்கத்து மேஜைக்காரர்களும் திரும்பிப் பார்க்கிறார்களா என்று கவனித்துக்கொண்டே தொண்டையைக் கனைத்தான்.

"தெங்கிஸ் எனக்குத் தம்பி! கூடப் பொறந்தாக்கூட இப்படி வராது. என் வலது கை போச்சு!" நீலிக்கண்ணீர் மீசையில் இறங்கியது. பக்கத்து மேஜையில் யாரோ கைதட்டினார்கள். அதில் அவன் இன்னும் ஒரு சுற்றுப் பருத்தான். "இந்த வார்த்தைய முடிக்க எனக்குத் தெம்பு இல்லை. அலவேர்தி, என் தங்கச்சி லம்சிராவுக்கு!"

அலவேர்தி என்று பேச்சைக் கைமாற்றினால் வாங்கியவர் பேசியாக வேண்டும். பேசி முடிக்கும்வரை யாரும் குறுக்கே வரக்கூடாது, கோப்பையைக் கீழே வைக்கவும் கூடாது. அழுகைக்காரப் பொம்பளை ரெண்டு வார்த்தை விம்மிவிட்டு உட்காருவாள், தன் பேச்சு எடுபடும் என்று கணக்குப் போட்டபடி முர்தாஸ் உட்கார்ந்தான்.

லம்சிரா எழுந்தாள். கோப்பையைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"என் புருஷன் குடிக்காதவன். நீங்க எல்லாருமே அவனைக் கேலி பண்ணவங்க, உங்களுக்குத் தெரியாதா? அன்னிக்கு நான் ஊத்திக் குடுத்த டீயைத்தான் குடிச்சான். மேல ஏறும்போது கயிறு எங்கேன்னு கேட்டான். கயிறெல்லாம் அடுத்த கட்டடத்துல இருக்கு, சின்ன வேலைதான், ஏறுன்னு சொன்னாரு இந்த அண்ணன்."

"தங்கச்சி, இது அதுக்கான இடமில்ல..."

"பேசட்டும் விடுங்க," என்றார் எதிரே இருந்த கிழட்டுக் கொத்தனார். "அலவேர்தி குடுத்தது நீங்கதானே?"

"இந்தக் கோப்பை குடிக்காம செத்தவனுக்கு," என்றாள் லம்சிரா. "அவன் குடிச்சிருந்தான்னு நினைக்கிறவங்க ஒக்காந்தே இருங்க. இல்லேன்னு தெரிஞ்சவங்க எழுந்து குடிங்க."

வாத்தியக்காரன் கையை எடுத்துவிட்டான். கொத்தனார் முதலில் எழுந்தார். நாற்காலிகள் ஒவ்வொன்றாகத் தரையில் உராய்ந்தன. கோச்சாவும் எழுந்தான், முகம் வெளுத்திருந்தது. எல்லோரும் குடித்தார்கள், இந்தத் தடவை யாரும் கோப்பையை இடிக்கவில்லை.

பிறகு எல்லோரும் முர்தாஸையே பார்த்தார்கள். பக்கத்து மேஜைக்காரர்களும் பார்த்தார்கள். செத்தவனுக்கான கோப்பையைக் குடிக்காமல் வைத்த தமதா என்று நாளை ஊரெல்லாம் பேசும். அதிகாரிக்குப் பயப்படாதவன் அதற்குப் பயந்தான். எழுந்து ஒரே மூச்சில் குடித்தான். குடித்துவிட்டு, தன்னை மறந்து மீசையையும் துடைத்துக்கொண்டான். சீ என்று வந்தது லம்சிராவுக்கு.

அவள் கோச்சா பக்கம் திரும்பினாள். "நாளைக்கு அதிகாரி முன்னாடி என்ன சொல்லுவே?"

கோச்சா காலிக் கோப்பையை மேஜையில் கவிழ்த்து வைத்தான்.

"எந்திரிச்சு நின்னு குடிச்சாச்சு அக்கா," என்றான். "இனிமே எப்படி ஒக்கார்றது?"