தொட்டி நிரம்பும் சத்தம்

பீங்கான் மூடியைத் தூக்கித் தரையில் வைத்ததுமே ஆஸ்டினுக்குப் பிரேதப் பரிசோதனை டாக்டரின் தோரணை வந்துவிட்டது. ஃப்ளஷ் தொட்டியில் பாதிதான் தண்ணீர். மிதவை சாய்ந்து கிடந்தது. பித்தளை வால்வின் மூக்கிலிருந்து நூல் கனத்துக்கு நீர் இறங்க, அதோடு ஒரு சத்தம். ஸ்ஸ்ஸ்... குக்கர் விசில் அடிக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிற சத்தம். ஒருமுறை ஃப்ளஷ் செய்தால் தொட்டி நிரம்ப அரை மணி நேரம். அதுவரை சாந்தோமின் அந்தச் சின்ன ஃப்ளாட் முழுக்க இதே ஸ்ஸ்ஸ்தான்.

"பிரிசி, குற்றவாளி யாருன்னு இன்னிக்கு தெரிஞ்சிடும்!" என்று ஹால் பக்கம் குரல் கொடுத்தார்.

"அது பாட்டுக்கு ஓடிட்டிருக்கு. விடுங்களேன்" என்றாள் பிரிஸில்லா, சோபாவில் படுத்தபடி.

விடுவதற்கில்லை. அவளுக்குக் கீமோ ஓடிக்கொண்டிருக்கிறது. மருந்து உடம்பை விட்டு வெளியே வரும், ஒவ்வொரு தடவையும் இரண்டு முறை ஃப்ளஷ் செய்யுங்கள் என்று ஆஸ்பத்திரியில் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். தொட்டி நிரம்பாமல் இரண்டாவது ஃப்ளஷுக்கு எங்கே போவது? இன்னொன்றும் சொல்லியிருந்தார்கள். வாந்தியைக் கவனியுங்கள், சாப்பிட்டது வயிற்றில் தங்கவில்லை என்றால் உடனே வார்டில் சேர்த்துவிட வேண்டும். அதற்காகவே தினமும் காலையில் ஒரு நர்ஸ் போன் செய்வாள். "வாந்தி இருக்கா சார்?" "இல்ல சிஸ்டர், வாந்தியே இல்ல." மகன் முதல் ரேங்க் வாங்கிய மாதிரி சொல்வார் ஆஸ்டின். சர்ச்சின் பங்குப் பள்ளி ஆபீஸில் இத்தனை வருஷம் வேலை பார்த்தவர். கேட்ட கேள்விக்குச் சரியான பதில் கொடுப்பதில் அவருக்கு ஒரு கர்வம்.

ஆனால் சாப்பிடுகிறவள் இளைத்துக்கொண்டே போனாள். கல்யாண மோதிரம் நழுவி விழ, அதில் நூல் சுற்றிப் போட்டிருந்தாள். அந்த மர்மத்தை ஆஸ்டின் துப்பறியவில்லை. மருந்து அப்படித்தான் பண்ணும் என்று விட்டுவிட்டார். தொட்டியை மட்டும் விடவில்லை.

போர் தண்ணீரின் மஞ்சள் கசடு அடைத்திருக்கும் என்று வால்வைக் கழற்றிப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தார். பலனில்லை. மிதவையை நிமிர்த்தினார். பலனில்லை. கடைசியில் தொட்டிக்குக் கீழே சுவரிலிருந்து வரும் தண்ணீரைத் திறந்து மூடுகிற ஆங்கிள் காக்கைத் திருகிப் பார்த்தார். ஏறக்குறைய மூடியிருந்தது. தன் தலையில் தானே ஒரு குட்டு வைத்துக்கொண்டு முழுசாகத் திறந்துவிட்டார். திபுதிபுவென்று தண்ணீர் பாய்ந்து, அவர் கைகழுவித் துடைப்பதற்குள் தொட்டி நிரம்பி அடங்கியது.

"கேட்டியா? முடிஞ்சிடுச்சு. கேஸ் க்ளோஸ்!"

பிரிஸில்லா சோபாவில் எழுந்து உட்கார்ந்தாள். மூடிய பாத்ரூம் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் மறுபடி ஸ்ஸ்ஸ். குனிந்து பார்த்தார். காக் பழையபடி மூடியிருந்தது. சந்தேகம் நேராகக் கோமளத்தின் மேல் விழுந்தது. பாத்ரூம் கழுவுகிறவள் அவள்தானே.

"நானா? இன்னா சார் நீ!" இடுப்பில் கைவைத்து நிமிர்ந்தாள் கோமளம். "குனிஞ்சி பெருக்குறதுக்கே இடுப்பு கயண்டு போவுது. அந்தச் சந்துல கைய வுட்டு நான் இன்னாத்துக்குத் திருகப்போறேன்? வூட்ல கீறது ரெண்டு பேரு. என்னிய வந்து கேக்குற."

ஹாலிலிருந்து பிரிஸில்லா சொன்னாள், "அவள ஏன் திட்டறீங்க? பழைய சாமான். அதுவா இறுகிக்கும்."

அதுவாக இறுகுமா? ஆஸ்டின் நம்பினார். மனைவி சொன்னால் நம்புகிற சுபாவம். கடல் காற்றில் ஜன்னல் கம்பியே உதிர்கிறது, பித்தளை வால்வு எந்த மூலைக்கு? எல்லாவற்றையும் மாற்றிவிடுவது என்று ராயப்பேட்டைக்குக் கிளம்பினார்.

அப்துல் கஃபார் கடையில் குழாய்களுக்கு நடுவில் ஒரு ஆள் நிற்கத்தான் இடம். "வாங்க சார். போன வாரம் வாஷரு, முந்தாநேத்து டேப்பு. டாங்குல இன்னா முதலையா வளக்குறீங்க?" என்று சிரித்தபடி ஒரு வெள்ளை பிளாஸ்டிக் வால்வை எடுத்து வைத்தார். "இத்தப் போடுங்க. அடிவரைக்கும் பைப்பு இறங்கிடும். சத்தமே வராது. உள்ள ஆள் போனதே வெளிய தெரியாது, பாத்துக்கங்க."

அன்றே மாட்டினார். காக்கும் புதிது. பழைய பித்தளையைக் காயலான் கடைப் பையன் வாங்கிக்கொண்டு போனான். ஃப்ளஷை அழுத்தினார். ஒரு கொப்பளிப்பு. அப்புறம் தண்ணீர் ஏறுவது கண்ணுக்குத்தான் தெரிந்ததே தவிர, காதுக்குத் தெரியவில்லை. ஆஸ்டினுக்கு உடம்பெல்லாம் பெருமை.

மதியம் ரசம் சாதம் கரைத்துக் கொடுத்தார். பிரிஸில்லா முழுக்கக் குடித்துவிட்டு, "நல்லாருக்கு" என்றாள். கொஞ்ச நேரத்தில் எழுந்து சுவரைப் பிடித்தபடி பாத்ரூமுக்குப் போனாள். தாழ்ப்பாள். ஃப்ளஷ். கொப்பளிப்பு அடங்கியது. டேபிளைத் துடைத்துக்கொண்டிருந்த ஆஸ்டினின் கை அப்படியே நின்றது.

ஓங்கரிப்பு. துண்டை வாயில் அழுத்திக்கொண்டு, அதையும் மீறி வருகிற ஓங்கரிப்பு. நடுவில் ஒரு நீண்ட மூச்சு. மறுபடி, அடிவயிற்றிலிருந்து. இத்தனை நாளும் ஃப்ளஷ்ஷுக்குப் பின்னால், அந்த அரை மணி நேர ஸ்ஸ்ஸுக்குப் பின்னால், இதுதான் நடந்துகொண்டிருந்திருக்கிறது. காக்கை மூடிய கை எது என்றும் புரிந்தது. அவர் தினம் தினம் நர்ஸுக்குச் சொன்ன பதில் தலைக்குள் மணியடித்தது. வாந்தியே இல்ல சிஸ்டர்.

கதவு திறந்தது. பிரிஸில்லா அவர் முகத்தைப் பார்த்தாள். மறைக்க ஒன்றும் மிச்சமில்லை என்று தெரிந்துகொண்டாள்.

"நல்லாதான இருந்துச்சு அது" என்றாள். "நீங்க ஏங்க அதுல கைய வெச்சீங்க?"

"பிரிசி..."

"எங்க டோரதி அக்காவுக்கும் அந்த வார்டுல இப்படித்தான். ரெண்டு நாள், வாந்தி நின்னதும் அனுப்பிடுவோம்னாங்க. அனுப்பினாங்க, பெட்டியில." சுவரை விட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "நான் அந்தக் கட்டில்ல படுக்க மாட்டேன். உங்க கால்ல வேணா விழறேன். சொல்லிடாதீங்க."

"வயித்துல எதுவும் நிக்கலன்னா மருந்து எப்படிம்மா வேல செய்யும்? ஒடம்பு தாங்குமா?"

"தாங்கற வரைக்கும் வீட்டுல தாங்கட்டும்."

அவர் பாத்ரூமுக்குள் போய்ப் புதுக் காக்கைக் கிட்டத்தட்ட மூடினார். ஃப்ளஷை அழுத்திவிட்டு, பழைய ஸ்ஸ்ஸ் வருமா என்று காதைக் கொடுத்தார். தொட்டி மெதுவாகத்தான் நிரம்பியது. ஆனால் சத்தமில்லை. கஃபார் பொய் சொல்லவில்லை.

மறுநாள் காலை இட்லி பாதி போயிருக்கும். பிரிஸில்லா எழுந்தாள். போகும்போது திரும்பி அவரைப் பார்த்தாள். தாழ்ப்பாள் விழுந்தது.

முதல் ஓங்கரிப்பு கேட்டதும் ஆஸ்டினால் நாற்காலியில் உட்கார முடியவில்லை. சமையலறைக்குப் போனார். எதற்குப் போனோம் என்று தெரியாமல் நின்றார். கை தானாக மிக்ஸியின் குமிழைத் திருகியது. ஜாரில் ஒன்றுமில்லை. காலி ஜார் வீட்டையே உலுக்குகிற மாதிரி அலறியது.

பக்கத்தில் செல்போன் வெளிச்சம் காட்டி அதிர்ந்தது. ஆஸ்பத்திரி நம்பர். எடுத்தார்.

"சார், ராத்திரி எப்படி? வாந்தி இருக்கா?"

குமிழ் மேல் ஒரு கை. காதில் ஒரு கை.

"சார்? என்ன சத்தம் அங்க? வாந்தி இருக்கான்னு கேட்டேன்."

"கேக்கல சிஸ்டர்" என்றார் ஆஸ்டின். "ஒண்ணுமே கேக்கல."

"அப்புறம் பேசறேன் சார்" என்று லைன் கட்டானது. அவர் குமிழிலிருந்து கையை எடுக்கவில்லை. மிக்ஸி சூடேறி, கருகிய வாசம் கிளம்பத் தொடங்கியது. கண்ணாடி மூடிக்குக் கீழே பிளேடு தெரியவில்லை. வெறும் காற்றைச் சுழற்றிச் சுழற்றி அரைத்துக்கொண்டிருந்த ஒரு வெள்ளை வட்டம் மட்டும் தெரிந்தது.